பாக்கெட்டிலிருந்து தட்டுக்கு

எங்கள் விளாங்குடிக் கடையில் அச்சு முறுக்குப் பாக்கெட் ஒன்றில் முன்பு பத்து இருந்தது. இப்போது ஒன்பது. உறை அதே அளவுதான். மேலே அச்சிட்டிருக்கும் படத்தில் மட்டும் முறுக்கு பெருத்துவிட்டது. படத்தின் ஓரத்தில் ஏதோ பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். படம் படத்துக்காக மட்டுமாம்.

நான் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் எண்ணுவேன். பிஸ்கட் உறைக்குள் பிளாஸ்டிக் தட்டு வைத்து, இரண்டு பிஸ்கட்டுக்கு இடையே ஒரு விரல் இடம் விடுகிறார்கள். சிப்ஸ் உறையில் பாதிக்கு மேல் காற்று. உறையவைத்த பட்டாணியைக் கரையவிட்டால் தண்ணீரும் கூடவே எடை போட்டு வந்திருப்பது தெரியும். இதையெல்லாம் கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் சொன்னால், "சரிங்க சார், மேல சொல்றேன்" என்பாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனால் இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நானே அச்சு முறுக்குப் பாக்கெட் பன்னிரண்டு வாங்கினேன். காரணம் என் மனைவி.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையதைக் கழித்தால் பதினொன்று. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு அவர்களுக்குப் போகும். தீபாவளிப் பலகாரம் இப்போதெல்லாம் கடைப் பெட்டியோடு வருகிறது, பெட்டியைக்கூட மாற்றுவதில்லை. என் மனைவியின் தட்டு மட்டும்தான் வீட்டில் செய்தது. அச்சை மாவில் முக்கால் பாகம் முக்கி, எண்ணெயில் பிடித்து, ஒரு உதறு உதறினால் பூப்போலக் கழன்று விழும். அவளும் பள்ளிக்கூடத்து டீச்சர்தான், சின்ன வகுப்புகளுக்கு. ஓய்வுக்குப் பிறகு அவளுக்கு மிச்சம் இருந்த மரியாதை இந்த ஒன்றுதான். "டீச்சர் வீட்டு அச்சு முறுக்கு" என்பார்கள்.

மழைக்கு முன்னால் அவளுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போனது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் திரும்பவில்லை. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும். குடியிருப்பில் யாருக்கும் அது தெரியாது. வெளியே போனால் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாள்.

"இந்த வருஷம் தட்டு வேண்டாம்னு சொல்லிருவோம்" என்றேன்.

"கை போச்சுன்னு பதினோரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிட்டு வரச் சொல்றீங்களா?" என்றாள்.

ஆகவே கடைக்குப் போனோம். பலகார அடுக்கின் முன்னால் அவள் யோசித்து நின்றாள். பிறகு, நைட்டிக்கு மேல் துண்டு போட்டு வந்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"ஏம்மா, இதுல எது வீட்ல செஞ்ச மாதிரி இருக்கும்?"

"எதுவுமே இருக்காதும்மா. எல்லாம் மிஷினு. இந்தா, இந்தச் செவப்புக் கவர மட்டும் எடுத்துறாதீங்க. எண்ணெ நாத்தம் கொடலப் பிடுங்குது. எங்க வீட்டு நாயி மோந்து பாத்துட்டு அந்தப் பக்கமாப் போயிருச்சு."

கூடையோடு நின்ற ஒரு பெரியவர் திரும்பினார். "என்னத்தா இப்பிடிச் சொல்ற? எம் மருமகன் அதைத்தான் ஒரே உக்காருல ரெண்டு பாக்கெட் காலி பண்றாரு."

"மருமகனுக்கு நாக்கு இருக்கான்னு பாருங்கண்ணே. அது கெடக்கட்டும், கூடையில என்ன, ஐஸ் பரோட்டாவா? மதுரையில இருந்துக்கிட்டு ஐஸ் பொட்டியில பரோட்டா வாங்குறீகளே, வெளிய சொல்லிறாதீக!"

"கடைப் பரோட்டா வயித்துல கல்லு மாதிரி கெடக்குதாத்தா."

"இது மட்டும் என்ன, பஞ்சாவா கெடக்கும்? ஐஸ் கல்லுல்ல!"

நான் மட்டும் சிரிக்கவில்லை. இம்புட்டுக் குறை சொல்கிற அந்தப் பெண்ணின் கூடையிலும் ஏழு பாக்கெட்டுகள் இருந்தன. எல்லாரும் திட்டுகிறார்கள், எல்லாரும் வாங்குகிறார்கள்.

என் மனைவி பளபளப்பான உறைகளை ஒதுக்கினாள். அவற்றில் முறுக்குகள் ஒன்றைப் போல ஒன்று இருந்தன. கடைசியில், கீழ்த்தட்டில் கிடந்த சாதாரணக் கண்ணாடிக் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சிலது வெளுப்பு, சிலது சிவப்பு.

"இதுல ரெண்டு கருகிருக்கு. இதுதான்."

கடைப் பையன் ஓடி வந்தான். "பாட்டி, அதுல ஒடஞ்சது கெடக்கு. நல்லதா வேற தாரேன்."

"ஒடஞ்சதே இருக்கட்டும்ப்பா. இன்னும் பதினொன்னு எடு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டோம். கவருக்கு ஒன்பதாக நூற்றெட்டு முறுக்குகளையும் மேசையில் பரப்பி, கவர் வாடை போக மின்விசிறியை ஓடவிட்டாள். வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் வறுத்து மேலே தூவச் சொன்னாள். பிறகு இடது கையால் அங்கங்கே ஒரு இதழை ஒடித்தாள், தட்டுக்கு இரண்டு என்று கணக்காக. வீட்டில் செய்தால் அப்படித்தான் ஒடியும் என்றாள். காலிக் கவர்களை நான் கத்தரித்து ஒரு பையில் கட்டி, அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பாக்கெட்டைக் குறை சொன்னவன் பாக்கெட்டை ஒளித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் தட்டுகளைக் கொண்டுபோனோம். எவர்சில்வர் தட்டு, மேலே அவள் பின்னிய வெள்ளைத் துணி. இடது கை தட்டைத் தாங்கும். வலது கை துணியின்மேல் சும்மா இருக்கும். மணி அடிப்பது என் வேலை.

முதலில் எதிர்வீடு. டி. கல்லுப்பட்டிப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். அந்த வீட்டு அம்மாள் வாசலிலேயே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். என் மனைவி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரக்கா! இந்த வருசம்தேன் சரியா வந்துருக்கு. எம்புட்டு மொறுமொறுப்பு! போன வருசம் எண்ணெ கொஞ்சம் குடிச்சிருந்துச்சு. சொன்னா வருத்தப்படுவீகன்னு சொல்லல."

என் மனைவி சிரித்தாள். "அப்படியா?" என்றாள்.

மேல்மாடியில், "முந்தியெல்லாம் மறுநாளே நமுத்துப்போகும், இது நிக்கும்போலயே" என்றார் ஓய்வு பெற்ற வங்கி குமாஸ்தா. அதற்கடுத்த வீட்டில், "முட்டை வாடை இல்ல டீச்சர், இப்பத்தான் எங்க வீட்டுப் பிள்ளைக தொடும்." பத்து வீடுகள் முடிந்தபோது ஏழு வீட்டார் இதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வீட்டார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் பயந்தது எதுவுமே நடக்கவில்லை.

மாடிப்படியில் அவள் நின்றாள்.

"இத்தன வருஷமா நமுத்தா இருந்துச்சு?"

"அதெல்லாம் இல்ல. அவங்களுக்கு நாக்குச் செத்துப்போச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எத்தனன்னுதான எண்ணுவீங்க. ஒரு நாளாவது ருசி சொல்லிருக்கீங்களா?"

நான் மிச்சப் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

பதினோராவது வீடு கீழ்த்தளத்தில். அந்தப் பெண் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். "என்ன பக்குவம் மாத்துனீங்க டீச்சர்? எனக்குச் சொல்லித் தரணும், ஆமா."

"கடையில வாங்குனதும்மா" என்றாள் என் மனைவி. "பாக்கெட். ரோட்டுமேல கடை இருக்குல்ல, அங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாருங்க சார், டீச்சருக்குக் குசும்ப! கடச் சாமான் எனக்குத் தெரியாதா? சொல்லித்தர மனசில்லன்னா வேணாம்னு சொல்லிருங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

"சரி சரி, நம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டோடு உள்ளே போனாள். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று சர்க்கரையைக் குவித்து எடுத்து வந்தாள். நான் கை நீட்டுவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். இடது கையை விட்டுவிட்டு வலது கையால் வாங்கினாள், வேண்டுமென்றேதான். தட்டு ஆடியது. சர்க்கரை சரிந்து வாசற்படியெல்லாம் கொட்டியது. அவள் கையை மறைக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக அப்படியே ஆடவிட்டு நின்றாள்.

"அய்யய்யோ, நான்தான் கூட வச்சுட்டேன்" என்று அந்தப் பெண் குனிந்து வாசலைப் பார்த்தாள். "விடுங்க டீச்சர், எறும்புக்கும் கிறிஸ்துமஸ்தான்."