கரை விழுந்த படம்

கரவெட்டிப் பிரவீணனுக்குப் படம் எடுப்பதிலேயே இரண்டு தொழில்கள். ஒன்று சோறு போடும்: கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கனடாவிலிருந்து வந்து இறங்குபவர்களின் பிறந்தநாள். மற்றது பெற்றோலைக் குடிக்கும்: மீன்வாடி, வெங்காயத் தோட்டம், பஸ் நிலையம் என்று அலைந்து, ஒருவரும் கேட்காத படங்களை எடுப்பது. "காசு தந்து எடுப்பிக்கிறவையை விட்டிட்டு, வேண்டாம் எண்டுறவையைத் துரத்தித் துரத்தி எடுக்கிறான்" என்று தகப்பன் சோமசேகரம் வெங்காயம் ஏற்ற வரும் லொறிக்காரரிடமெல்லாம் முறையிடுவார்.

அந்த இரண்டாவது தொழிலில் அவனுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கேட்காமல் ஒரு முகத்தையும் எடுக்கமாட்டான். எடுத்ததைக் கொழும்புக் கண்காட்சியில் மாட்டுவதற்கு முன், படத்தில் நிற்பவர்களின் ஊரிலேயே மாட்டிக் காட்டுவான். இல்லாதவனைப் படமெடுத்து இருக்கிறவனுக்குக் காட்டுகிற ஆள் நானில்லை என்று மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லுவான். அது உண்மையும்தான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை நெய்யாக வடியும்.

குருநகர்க் கிறிஸ்துநாயகத்தைப் படத்துக்குச் சம்மதிக்க வைக்க அவனுக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் பிடித்தது. முதுகில் அடிபட்டபின் ஆழக்கடலுக்குப் போக முடியாத மனுசன் அவர். கரைக்குக் கிட்ட, தனக்கு மட்டும் தெரிந்த ஓரிடத்தில், கம்பிவலையால் கட்டிய கூடுகளைக் கடலடியில் இறக்கிவிட்டு வருவார். இரண்டொரு நாள் கழித்துப் போய் மீனோடு தூக்குவார். அவரும் மனைவி மரியநாயகியும் சீவிப்பது அந்தக் கூடுகளை நம்பித்தான்.

ஒருநாள் விடியப்புறம் அவனை வள்ளத்தில் ஏற்றினார். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"என்னை எப்பிடி வேணுமெண்டாலும் எடும் தம்பி. கரை மட்டும் விழாமல் எடும்."

பிரவீணனுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதென்று நினைத்தான். சண்டைக்காலத்தில் பிறந்து வடக்கில் கமரா தூக்கியவனுக்குக் கரை என்றால் வேறென்ன? கடற்படையின் காவலரண். அதைப் படமெடுத்து விசாரணைக்கு அலைந்தவர்களை அவனுக்குத் தெரியும்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. காம்ப் ஒண்டும் விழாது."

கிறிஸ்துநாயகம் அவனை ஒருமுறை பார்த்தார். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கொளுக்கியைத் தண்ணீருக்குள் இறக்கிக் கூட்டைத் தேடத் தொடங்கினார்.

கிடைத்த படமோ அபாரம். வள்ளத்தின் விளிம்பில் தண்ணீர் சொட்டும் கூடு, உள்ளே அடித்துத் துள்ளும் கலவாய் மீன், பின்னால் அவருடைய வளைந்த முதுகு. பிரவீணன் அகல லென்ஸ் போட்டிருந்ததால் வானமும் கடலும் முழுவதாக வந்து விழுந்தன. இடது பக்கத்தில் தேவாலயக் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும், வலது பக்கத்தில் ரெலிபோன் ரவரும் ஒற்றைப் பனையும் சின்னதாகத் தெரிந்தன. காவலரண் இல்லை. கமராவின் குட்டித் திரையில் அவருக்குக் காட்டினான். கிட்டப் பார்ப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுகிற மனுசன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஓம், ஓம், வடிவு" என்றார்.

குருநகரில் ஒரு சனசமூக நிலையத்தில் படங்களை மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு சனம் வந்தது. முதல் அரைமணி நேரம் தங்கள் தங்கள் முகங்களைத் தேடிச் சிரித்தார்கள். பிறகு ஆண்கள் ஒவ்வொருவராகக் கிறிஸ்துநாயகத்தின் படத்துக்கு முன்னால் சேர்ந்தார்கள். சத்தம் அடங்கிவிட்டது. ஒருவர் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஒருவர் விரலை நீட்டி இங்கிருந்து அங்கே கோடு இழுத்தார். பொடியள் போனை எடுத்துப் படத்தைப் படமெடுத்தார்கள்.

பிரவீணனுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. பெரிய நகரங்களில்கூட ஒரு படத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் ஒருவரும் நின்றதில்லை. கலை விளங்காத சனம் என்று யார் சொன்னது? வாசலோரம் நின்று, காணாதவன் போல எல்லாவற்றையும் கண்டுகொண்டிருந்தான்.

அப்போதுதான் மரியநாயகி வந்தார். கூட்டத்தை விலக்கிப் படத்தைப் பார்த்தவரின் முகத்தில் இரத்தம் வற்றிப்போயிற்று. நேரே அவனிடம் வந்தார்.

"தம்பி, உதைக் கழட்டுங்கோ."

"ஏனக்கா?"

"சொல்லுறன், கழட்டுங்கோ."

கணவர் கிழிந்த பெனியனோடு நிற்பது அவருக்கு வெட்கம் என்று பிரவீணன் எடுத்துக்கொண்டான். "அண்ணை அதிலை ராசா மாதிரி நிக்கிறார். எல்லாரும் அவரைத்தானே பாக்கினம்" என்று சிரித்தான். மரியநாயகி சுற்றிவர நின்ற ஆண்களைப் பார்த்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் காரணத்தைச் சொல்ல முடியாது. முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புதன்கிழமை, அதே படத்தைச் சட்டம் போட்டு, பரிசாகக் கொடுப்பதற்கு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். மரியநாயகி அதை வாங்கவில்லை.

"நான் கழட்டச் சொன்னன்" என்றார்.

"என்ன நடந்ததக்கா?"

"ஒரு கூடும் இல்லை. எல்லாத்தையும் கொண்டு போட்டினம்."

அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. கூடு களவு போனதற்கும் தன் படத்துக்கும் என்ன தொடர்பு என்று விழித்தான். உள்ளேயிருந்து வந்த கிறிஸ்துநாயகம் சட்டத்தை வாங்கிச் சுவரோடு சாத்தி வைத்தார். சண்டை பிடிக்கவில்லை. "வாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். பிரவீணன் கமராப் பையைத் தோளில் போட்டபடி பின்னால் போனான்.

வள்ளம் கரையை விட்டு விலகியபின்தான் அவர் வாயைத் திறந்தார்.

"கூட்டிலை நான் மிதப்புக் கட்டிறேல்லை. கட்டினால் கண்டவனெல்லாம் தூக்குவான். அப்ப நான் எப்பிடித் திரும்பக் கண்டுபிடிக்கிறன்?" கரையைக் காட்டினார். "கோயில் கோபுரம் தண்ணித் தாங்கிக்குப் பின்னாலை சரியா நிக்கவேணும். அங்காலை பனை, ரவரோடை ஒட்டவேணும். ரெண்டும் ஒண்டா வாற இடம் கடலிலை ஒண்டே ஒண்டுதான். அதுக்குக் கீழைதான் கல்லு. கல்லிலைதான் மீன்."

பிரவீணனுக்குக் கண்ணை மூடாமலே அந்தப் படம் தெரிந்தது. இடது பக்கம் தாங்கிக்கு நேர் பின்னால் கோபுரம். வலது பக்கம் ரவரோடு ஒட்டிய பனை. மயிரிழைகூடப் பிசகாத துல்லியத்தில், சுவரளவு பெரிதாக்கி, விளக்கும் போட்டு, கடலில் தொழில் செய்கிற முழு ஊரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். கொழும்பில் மாட்டியிருந்தால் ஒரு ஆளுக்கும் விளங்கியிராது. இங்கே கொண்டுவந்து மாட்டியதுதான் வினை. இத்தனை வருடமும் முகங்களுக்கு அனுமதி கேட்டுக் கேட்டுத் திரிந்தவன், முகத்துக்குப் பின்னால் நிற்பது யாருடைய சொத்து என்று ஒருநாளும் கேட்டதில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை..."

"சொன்னன். கரை விழாமல் எடும் எண்டு சொன்னன். ஏனெண்டு சொன்னால் இடத்தையெல்லோ சொல்லவேணும்?"

"கூட்டை நான் வாங்கித் தாறன் அண்ணை."

"கூடு நானும் கட்டுவன். எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

தாங்கிக்குப் பின்னால் கோபுரம் மெல்ல மெல்ல நேராகிக்கொண்டு வந்தது. பனை ரவரை நெருங்கியது. முன்னால் பார்த்தவன் திடுக்கிட்டுப் போனான். அந்த ஒரே இடத்தில், ஒன்றோடொன்று முட்டாத குறையாக, இருபது வள்ளங்களுக்குக் குறையாமல் நின்றன. ஒருவரோடொருவர் கத்திப் பேசிக்கொண்டு கூடுகளை இறக்கினார்கள், தூக்கினார்கள். கிறிஸ்துநாயகத்தின் வள்ளத்துக்கு உள்ளே போக இடமில்லை. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே மிதந்தார்.

படம் பார்க்க வந்திருந்த பொடியன் ஒருவன் பிரவீணனைக் கண்டுவிட்டான். கலவாய் ஒன்றைச் செவுளில் பிடித்துத் தூக்கிக் காட்டினான். பக்கத்து வள்ளக்காரரும் திரும்பினார்கள். ஒருவர் முகத்திலும் கள்ளம் இல்லை.

"படக்கார அண்ணை! எங்களையும் ஒரு படம் எடுங்கோ!"

பிரவீணன் தலையைத் தூக்கவில்லை. கிறிஸ்துநாயகம் குனிந்து, அவன் காலடியில் கிடந்த கமராப் பையை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"எடும் தம்பி, கேக்கினமெல்லே. இனிக் கரை விழுந்தாலும் பரவாயில்லை."