ரக்பி ஆடிய ஜெபராஜ் அண்ணன்

சேறு ஊறிய பருத்திச் சட்டையின் கனமும், அதிலிருந்து எழும் நசுங்கிய புல்லின் வாடையும், அறுபதுகளின் பம்பாய் மழைக்காலத்தை நினைத்தாலே கூடவே வந்துவிடும். தாராவியில் எங்கள் சந்தின் பொதுக்குழாயடியில், அம்மா கண்ணில் படுவதற்குள் அந்தச் சட்டையை அலசிப் பிழிவது பதினொரு வயதுக்காரியான என் வேலை. "ஏட்டி, அம்மைட்ட மூச்சு விட்ராத" என்பான் அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரனான என் அண்ணன் ஜெபராஜ்.

டிராம்பே பக்கத்து ஆலையொன்றில் அவன் தற்காலிக வெல்டர். அகன்ற தோள்களைப் பார்த்துத்தான் ஆலையின் ரக்பி அணியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். முன்னால் ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும் என்ற விதி பிடிபடவே அவனுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. அந்த நீளப் பந்துக்கு நாங்கள் வைத்த பெயர் "கோழிமுட்டை". அப்பா இல்லாத வீட்டில் அவன் கையை நம்பித்தான் உலை கொதித்தது; அடிபடும் ஆட்டத்துக்கு அம்மா விடமாட்டாள் என்பதால், சனிக்கிழமைகளில் "வாலிபர் ஜெபக்கூட்டம்" என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தோம்.

ஒரு ஜூலையில் பொய் உடைந்தது. ஆட்டத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்த அண்ணனை, அவனோடு ஆடும் ஷிண்டேயும் யூசுப்பும் டாக்சியில் கொண்டுவந்து இறக்கினார்கள். "எம்புள்ளய ஒடிச்சுப் போட்டுட்டு இங்க எதுக்குல வந்திய?" என்று அம்மா கத்தியதில் அவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, மழையில் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

பத்து நாள் வராத தற்காலிகத் தொழிலாளியின் பெயரை ஆலையில் அடித்துவிடுவார்கள். ஆறு வாரமாகியும் அண்ணன் பெயரை அடிக்கவில்லை. தங்கள் ஷிப்ட் முடிந்ததும் அந்த இருவரும் மாறி மாறி அவன் இடத்தில் நின்று வேலையை முடித்துக் கொடுத்தார்கள், மேஸ்திரியும் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் வாய் திறக்காததை அண்ணன்தான் ஒருநாள் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்து, இந்தியே பேசாத அம்மா, "அவுர் லேவ், அவுர் லேவ்" என்று மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அடுத்த மழைக்காலத்தில், "போ. ஆனா முழுசா வந்து சேரு" என்றாள்.

அதன்பின் எட்டு மழைக்காலம் ஆடினான். கல்கத்தா வரை போய்த் தோற்றும் வந்தான். முழங்கால் கைவிட்டபோது சத்தமில்லாமல் விலகிக்கொண்டான். அதற்குள் வேலை நிரந்தரமாகியிருந்தது; அந்தச் சம்பளத்தில்தான் நான் மாட்டுங்காவில் படித்து ஆசிரியையானேன்.

இன்று அந்த ஆலை இல்லை, மைதானம் முழுக்க அடுக்குமாடிகள். போன ஆண்டு அண்ணனும் போய்விட்டான். செம்பூர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஷிண்டேயும் யூசுப்பும் வந்திருந்தார்கள். இருவருக்கும் எண்பது தாண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகள் தடுக்கத் தடுக்க, கைத்தடிகளை என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டிக்கு இருவரும் தோள் கொடுத்தார்கள்.