வெண்ணிலாவுக்குப் போட்ட கூண்டு

பட்டறைத் தொழிலில் குறை சொல்லாத வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. கேட் செய்து கொடுத்தால் திறக்கும்போது சத்தம் வருகிறது என்பார்கள். சத்தம் வராமல் செய்தால், திருடன் வந்தால் எப்படித் தெரியும் என்பார்கள். தையல் கடையோ, மரப் பட்டறையோ, அளவெடுத்துச் செய்து கொடுக்கிற எந்தத் தொழிலில் நீங்கள் இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. டிராக்டருக்குக் கூரை, தண்ணீர் டேங்கர், அறுவடை மிஷினுக்குக் கேபின் என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பின் நடுவே, பந்தயக் கார் ஒன்றுக்கு ஓட்டுபவர் உட்காரும் கூண்டு செய்யும் வேலை வந்து சேர்ந்தது. அதில் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

தனியாக ஓடும் பந்தயம்

அவலூர்பேட்டை ராமலிங்கம் அண்ணன் அறுவடை மிஷின் வைத்திருப்பவர். என் பழைய வாடிக்கையாளர். அவர் மகள் வெண்ணிலா சென்னைப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டப்போவது அவள். இன்ஜின், சக்கரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவளைச் சுற்றி வருகிற இரும்புக் கூண்டும், இருக்கையும், பெல்ட் மாட்டும் இடங்களும் என் பொறுப்பு. முன்பு ஒருமுறை அவர்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து ஒரு டிராக்டர் உருண்டபோது, நான் போட்ட கூரைச் சட்டம் நசுங்காமல் நின்று டிரைவர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். அதை நேரில் பார்த்தவள் என்பதால் என்னைத் தேடி வந்தாள்.

அண்ணனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. மகளைத் தடுக்கவும் முடியவில்லை. என்னைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "கார் எப்பிடிப் போனாலும் போவட்டும் தம்பி. எம்பொண்ணு அதுலருந்து நடந்து வரணும். அத மட்டும் பாத்துக்க" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இது வளைந்து நெளிந்து ஓடுகிற பந்தயம் இல்லை. நேரான பாதையில் ஒரே ஒரு கார் தன் உச்ச வேகத்தில் போகும், அந்த வேகத்தை அளப்பார்கள், அவ்வளவுதான். எதிர் டீக்கடை முருகேசனிடம் இதை விளக்கினேன். டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "தனியா ஓடி ஃபர்ஸ்ட்டு வர்றதுக்கா இவ்ளோ செலவு?"

அளவு

இந்த மாதிரிக் கூண்டில் இருக்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே ஆள் அசைய இடமிருந்தால், கார் உருளும்போது இரும்பே ஆளை அடித்துவிடும். அதனால் தோள், இடுப்பு, உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் என்று எல்லா அளவும் சரியாக வேண்டும். வயசுப் பெண்ணுக்கு நானும் என் வெல்டர் பாஷா பாயும் டேப் பிடிப்பது நன்றாக இருக்காது. பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைக்கும் சரஸ்வதியைக் கூப்பிட்டோம். அவர் சுறுசுறுப்பாக அளந்து சொல்லச் சொல்ல, பாய் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்.

அந்த அளவுக்கே இருக்கையின் பக்கத் தகடுகளை வளைத்து ஒட்டினோம். வெண்ணிலா உட்கார்ந்து பார்த்தால், இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி! பாய் தன் சாக்பீஸ் எழுத்தை முறைத்துப் பார்த்தார். நான் பாயை முறைத்தேன். கடைசியில் சரஸ்வதியையே கேட்டோம். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது: "நான் எப்பவும் உள்ள கொஞ்சம் துணி பிடிச்சு வெச்சுதான் அளவு சொல்லுவேன். நாளைக்குக் கல்யாணமாயி ஒரு கொழந்த பொறந்தா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"

போர் பைப்

சரஸ்வதி விட்ட இடத்தை எடுத்துத் தகடுகளை மறுபடி வளைத்து ஒட்டினோம். அடுத்து, கூண்டுக்கு ஒட்டே இல்லாமல் இழுத்த கெட்டியான எஃகுக் குழாய் வேண்டும். சென்னையிலிருந்து வர வேண்டியது, வருவதற்குத் தாமதமாகிக்கொண்டே இருந்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் தன் டிராக்டர் டிரெய்லர் நிறைய போர்வெல் பைப்பை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "கம்பெனிப் பைப்பு தம்பி. பூமிக்குள்ள அவ்ளோ ஆழத்துல கெடந்தும் ஒண்ணும் ஆவல. இதவிட ஸ்ட்ராங்கா இன்னா வேணும்?" என்றார்.

துத்தநாகம் பூசிய பைப்பில் இந்த வேலைக்கு வெல்டிங் சரியாகப் பிடிக்காது, புகையும் விஷம். எடுத்துச் சொன்னேன், அவர் கேட்பதாக இல்லை. மகளுக்குத் தன் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அது புரிந்ததால் எனக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. பாய்தான் பைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பதமாகச் சொன்னார்: "நல்ல பைப்புதாண்ணே. தண்ணி மேல வர்றதுக்கு இத நம்பலாம். பாப்பா வீட்டுக்கு வர்றதுக்கு வேற பைப்பு வாங்கிக்கலாம்."

காது குத்து

கூண்டு முடிந்ததும் பந்தயம் நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு சோதனை அதிகாரி வந்தார். அமைதியான மனிதர். ஒவ்வொரு மூலையாகக் கையால் தடவிப் பார்த்தார். ஒட்டுகளில் பள்ளம் இருக்கிறதா, தோள் பெல்ட் சரியான உயரத்தில் வருகிறதா, ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பஞ்சுப் பட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போது அவர், டிரில் மிஷினை எடுத்து வாருங்கள், இந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும் என்றார்.

குழாயின் கனத்தை உள்ளே அளந்து பார்க்கத்தான் அந்த ஓட்டை. முறையான சோதனைதான், நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றியதில் ஓட்டை போடச் சொன்னதும் மனசு திக்கென்றது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே போட்டேன். அதிகாரி கருவியை உள்ளே விட்டுப் பார்த்து, கனம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். வெண்ணிலாவின் அம்மா அஞ்சலை அண்ணி அதுவரை ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காது குத்தியாச்சு சரி, சீர் கொண்டாற தாய்மாமன் எங்க?"

இறங்கும் ஒத்திகை

பந்தய விதிப்படி, ஓட்டுபவர் யார் உதவியும் இல்லாமல் மடமடவென்று வெளியே வர வேண்டும். தீப்பிடித்தால் காத்திருக்க நேரமில்லை. முதலில் ஸ்டீயரிங்கைக் கழற்றி வெளியே எறிய வேண்டும். பிறகு பெல்ட், அதோடு சேர்ந்த கை வார், பிறகு பக்கவாட்டு வலை. கார் உருளும்போது கை வெளியே போய்விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்த வார். இதையெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்யத் தெரிய வேண்டும்.

பட்டறைக்குள் இடம் போதாமல் வாசலில் வைத்துப் பழகினோம். நாங்கள் தேர்ந்தெடுத்த நாள் அமாவாசை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் நெரிசலில் பட்டறை வாசலில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், கையில் செல்போன்கள். வெண்ணிலா ஸ்டீயரிங்கை எறிந்தாள், பெல்ட்டை அவிழ்த்தாள், வலையைத் தள்ளினாள், பாதி வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கிய சடை, இருக்கைக்கும் தலைக்குப் பின்னால் இருக்கும் பஞ்சுப் பட்டைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து அண்ணி ஓடிப்போய் எடுத்துவிட்டார். அதன் பிறகு சடையைக் கொண்டையாக்கி, உள்குல்லாவுக்குள் திணித்து, திரும்பத் திரும்பப் பழகினாள். சாயங்காலம் பார்த்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே பறந்து வந்தாள். ஆனால் அதைப் பார்க்க அந்த பஸ்கள் அங்கே இல்லை. சடை மாட்டியதைப் பார்த்ததோடு புறப்பட்டுவிட்ட ஒரு பஸ்ஸின் கண்டக்டர், படியில் தொங்கியபடி கத்திவிட்டுப் போனார்: "இறங்கறதுக்கே இவ்ளோ பாடா? ஏர்றதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கக் கூடாதாம்மா?"

எலுமிச்சம்பழம்

கூண்டுக்குள் கழன்று உருளக்கூடிய பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சாமி படம் கேட்ட அண்ணியிடம், ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் பேசியிருந்தேன். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிரேக்கைப் பார்க்க ஊருக்கு வெளியே ஒரு மனைப் பிரிவுக்குப் போனோம். மனை விற்காவிட்டாலும் அங்கே ரோடு மட்டும் நேராக, அருமையாக இருக்கும். அண்ணன் டிராக்டரில் கயிறு கட்டிக் காரை இழுத்து, கயிற்றை விட்டார். வெண்ணிலா பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. ஊர்ந்துபோய் மனைக்கல் ஒன்றில் மோதி நின்றது. மெதுவாகப் போனதால் மூக்கில் சின்ன நெளிசலோடு தப்பித்தது. குனிந்து பார்த்தால் பிரேக் பெடலுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழம். அங்காளம்மன் கோயிலில் வாங்கியது. காலையில் யாருக்கும் தெரியாமல் அண்ணி இருக்கை ஓரம் வைத்திருக்கிறார், அது உருண்டு அங்கே போயிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு என்னவெல்லாம் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனால் அண்ணி அந்த மனைக்கல் மேலேயே உட்கார்ந்து, "எம்புள்ளய நானே கொல்லப் பாத்தனே" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் யாரைத் திட்டுவது? பழத்தை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. அம்மன் பழத்தைத் தூக்கி எறிய யாருக்கும் கை வரவில்லை. பாஷா பாய் அதைப் பத்திரமாகப் பட்டறைக்குக் கொண்டுவந்து, கழுவி, முருகேசன் கடையில் கத்தியும் உப்பும் வாங்கி, ஒரு டம்ளர் ஜூஸ் போட்டு வெண்ணிலாவிடம் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் சொன்னார்: "இப்ப வண்டிக்குள்ள லூசா எதுவும் கெடையாது அண்ணி. அம்மன் பாப்பா வயித்துல பத்திரமா இருக்குது."

ஓடுதளம்

கடற்கரைப் பக்கம், விமானம் வருவது நின்று பல காலமான ஒரு பழைய ஓடுதளத்தில் பந்தயம். அண்ணி வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நான், அண்ணன், பாய் மூவரும் போனோம். முதல் ஓட்டம் நன்றாக முடிந்தது. இரண்டாவது ஓட்டத்தில், வேகத்தை அளக்கும் கோட்டைத் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. கார் குறுக்கே திரும்பி உருண்டது. அதன் பிறகு புழுதியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

கொடி காட்டும்வரை நாங்கள் உள்ளே போகக் கூடாது. ஆம்புலன்ஸ் மட்டும் போனது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் போட்ட ஒவ்வொரு ஒட்டும் என் கண் முன்னால் வந்து போனது. எதை விட்டேன், எதைச் சரியாகப் பார்க்காமல் போனேன் என்று தேடிக்கொண்டே நின்றேன். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. புழுதி கொஞ்சம் அடங்கியபோது, கூண்டிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்து விழுந்தது. ஸ்டீயரிங்! "எறிஞ்சிட்டா, எறிஞ்சிட்டா" என்று பாய் குதித்தார். பிறகு வலை விழுந்தது. பிறகு ஹெல்மெட் போட்ட தலை வெளியே வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வலது தோளில் கன்றிப்போனதைத் தவிர எதுவுமில்லை. ஸ்ட்ரெச்சர் வேண்டாமென்று சொல்லிவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தாள். நடந்து வந்தாள் என்பதைத் திரும்பவும் எழுத வேண்டும் போலிருக்கிறது. அண்ணன் தார்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நைனா, எழுந்திரு, சுடும்" என்று அவள்தான் அவரைத் தூக்கினாள். நான் வாய்விட்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெண்ணிலா தோளைத் தேய்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்: "சித்தப்பா, வலது பக்கம் இன்னும் கொஞ்சம் லூசா இருக்குது. அந்த டெய்லர் அக்கா விட்ட எடத்த நீங்க முழுசா எடுக்கல போல."

இத்தனை வருடத் தொழிலில், வாடிக்கையாளர் நேரில் வந்து குறை சொன்னதற்காக நான் அங்காளம்மனுக்குத் தேங்காய் உடைத்தது அந்த ஒரு முறைதான்.