ஓடையில் இறங்கியது யார்?

போன மாதம் ஒரு காலையில் என் தங்கை வீட்டுக்காரர் செல்லையா வந்து நின்றார். வழக்கமாக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருகிறவர். அன்றைக்கு வெறுங்கை. விஷயம் அவசரம் என்று தெரிந்துகொண்டேன்.

“மச்சான், எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல நிழற்குடை கட்டுதாவல்லா? அதுக்கு எங்கப்பா பேரை வைக்கணும்னு பிரசிடெண்ட்டுகிட்ட கேட்டேன். ஆதாரம் கொண்டாங்காரு.”

“எதுக்கு ஆதாரம்?”

“அப்பா ஓடையில எறங்கி, பஸ்ல மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்துனதுக்கு. பேப்பர்லயே வந்துச்சுன்னேன். அப்ப அந்தப் பேப்பரைக் கொண்டாங்காரு!”

செல்லையாவின் ஊர், எங்கள் சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போகப் புரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால், நல்ல மழைக்காலத்தில், அந்த ஊர் ஓடையில் தண்ணீர் ஏறி ஒரு பஸ் நடுவில் நின்றுவிட்டது. செல்லையாவின் அப்பா கோமதிநாயகம் மாமா தண்ணீரில் இறங்கிப் பயணிகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். அது பேப்பரிலும் வந்தது. என் தங்கைக்கு நிச்சயம் பேசிய அன்றே இந்தக் கதையை நாங்கள் கேட்டாயிற்று.

மற்றபடி மாமாவைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு குறைவு. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, கோர்ட்டு... கூடப் பிறந்தவர்களோடு கூடப் பேச்சுவார்த்தை இல்லாமலேயே போய்ச் சேர்ந்தார். செல்லையாவுக்கு இது நெஞ்சில் முள்.

“அப்பாவுக்குன்னு ஊர்ல மிஞ்சியிருக்கது அந்த ஒரு சேதிதான் மச்சான். அதையும் விட்டுட்டா, சண்டைக்காரன் மவன்ங்கற பேருதான் எனக்கு.”

இதற்கு ஏன் என்னிடம் வந்தார்? நான் டைரி எழுதுகிறவன். எதையும் தேதிவாரியாக அடுக்கி வைப்பவன். ரேஷன் கார்டைக் காணோம் என்றால்கூட என் உறவினர்கள் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள் — அவர்கள் வீட்டு ரேஷன் கார்டை!

“எந்த வருஷம் மாப்பிளை?” என்றேன்.

“எனக்குப் பால்பல் விழுந்த வருஷம்.”

என்ன செய்வது? கூட்டிக் கழித்து, இந்த இந்த வருஷங்களின் மழை மாதங்கள் என்று குறித்துக்கொண்டு புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் தகப்பனார், வாங்கிய பேப்பர் எதையும் எடைக்குப் போடாதவர். எல்லாம் மண்டிக்கு மேலே பரணில் கட்டுக்கட்டாக இருந்தன.

“எல்லாப் பேப்பரும் இருக்கு வே. எலியும் இருக்கு. யாரு முந்திப் படிக்கியோ பாப்போம்” என்று ஏணியைச் சாத்திவிட்டு நண்பர் ஏலத்துக்குப் போய்விட்டார்.

பழைய பேப்பரில் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? நமக்கு வேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். காணாமல் போன செவலைக் காளையைக் கண்டுபிடித்துத் தருவோருக்குச் சன்மானம். யாரோ ஒரு பிரமுகரின் இருமல் குறைந்தது. குடை விளம்பரம். அந்தக் காளை கிடைத்ததா என்று அடுத்தடுத்த நாட்களின் பேப்பரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் — வந்த வேலையை விட்டுவிட்டு!

இப்படிப் பரண் ஏறிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சேதி அகப்பட்டது. உள்பக்கத்தின் அடியில், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே. ஓடை இருந்தது. மழை இருந்தது. பஸ் இருந்தது. பயணிகளை ஊர் மக்கள் இறங்கிக் காப்பாற்றினார்கள் என்று இருந்தது.

ஊர் மக்கள். அவ்வளவுதான். பெயர் எதுவும் கிடையாது.

நண்பரின் தகப்பனார் வாங்கிய இன்னொரு பேப்பரையும் எடுத்தேன். அதிலும் ஊர் மக்கள்தான். ஆனால் முதல் பேப்பரில் வடக்கே போன பஸ், இதில் தெற்கே வந்துகொண்டிருந்தது. அடுத்த ஒரு வாரத்துப் பேப்பர்களையும் வரி விடாமல் பார்த்தேன். கோமதிநாயகம் மாமா எங்குமே இல்லை.

பென்சிலால் சேதியை நகல் எடுத்துக்கொண்டு, நேரே செல்லையாவின் ஊர் டீக்கடைக்குப் போனேன். வயதானவர்கள் இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். ஓடையில் பஸ் நின்ற சேதி பேப்பரில் வந்ததா என்று பொதுவாகக் கேட்டேன்.

“வராம என்ன? ‘கோமதிநாயகம் தன் உயிரையும் பொருட்படுத்தாது’ன்னு போட்டிருந்தான்லா” என்றார் முதல் பெரியவர்.

எனக்கு உயிர் வந்தது. உடனே போகவும் செய்தது. ஏனென்றால் இரண்டாமவர் டம்ளரை டொக்கென்று வைத்தார்.

“கோமதிநாயகமா? ஓய், அது எங்க சின்னையா வேலுச்சாமி பேரு! ‘வேலுச்சாமி தன் உயிரையும் பொருட்படுத்தாது’ன்னுதான் போட்டிருந்தான்.”

“ஒம்ம சின்னையா குளத்துல குளிக்கதுக்கே செம்பு கொண்டுட்டுப் போவாரு. அவரு வெள்ளத்துல எறங்குனாராக்கும்!”

“கோமதிநாயகம் மட்டும்? அவரு தண்ணியில எறங்குனா அடுத்தவன் வயலுக்குப் போற மடையை அடைக்கத்தான் எறங்குவாரு!”

சண்டையை விலக்கி, மெதுவாகக் கேட்டேன். “பேப்பரை நீங்க ரெண்டு பேரும் படிச்சீங்களா?”

“நான் எங்க வே படிச்சேன்? ஞானமுத்துல்லா வாசிப்பான்” என்றார் ஒருவர். மற்றவரும் ஆமாம் என்றார். அது ஒன்றில்தான் இருவருக்கும் ஒற்றுமை.

ஞானமுத்து அண்ணாச்சி அந்த ஊரில் டெய்லராக இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பஸ்ஸில் வரும் ஒரே பேப்பரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் உரக்கப் படித்துச் சொல்வார். இப்போது இங்கே சங்கரன்கோவிலில் மகள் வீட்டில்தான் இருக்கிறார். மறுநாளே போய் நகலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். சிரித்தார்.

“அண்ணாச்சி, இதுல கோமதிநாயகம் பேரு இல்லையே?”

“அவன் போடலை. நான் போட்டேன்.”

“நீங்களா!”

“பின்னே? ‘ஊர் மக்கள்’னு மொட்டையா வாசிச்சா எவன் காது குடுப்பான்? எதிர்த்தாப்புல கோமதிநாயகம் இருந்தாரு. காலையில அவரு பேரைச் சேத்து வாசிச்சேன். மனுசன் மூஞ்சியில அப்பிடி ஒரு வெளிச்சம் பாத்துக்கிடுங்க. அன்னைக்குப் பூரா யாருகிட்டயும் சண்டை போடலை.”

“வேலுச்சாமி?”

“அவன் சாயங்காலம் வந்தான். அவனை மட்டும் விட முடியுமா?”

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். “சரி அண்ணாச்சி, உண்மையில ஓடையில இறங்கினது யாரு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அன்னைக்கு ராஜபாளையத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பேப்பரைப் பாத்துத்தான் எனக்கே சேதி தெரியும்!”

“அவங்க ரெண்டு பேருமாவது, ‘நான் இறங்கலை’ன்னு சொல்லலையா?”

“சொல்லலையே. எறங்குனதுனால சொல்லலையோ, பேப்பர்ல வந்துட்டேன்னு சொல்லலையோ... அதைப் போயிக் கேக்கவா முடியும்?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அச்சில் வந்தது ஒருவருக்கும் நினைவில்லை. அச்சில் வராதது வரிக்கு வரி நினைவிருக்கிறது. அப்படியென்றால் ஊர் வரலாறு என்று எதை எழுதிவைப்பது? அதைவிடப் பெரிய கேள்வி — செல்லையாவிடம் என்ன சொல்வது?

ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

“அப்ப, அப்பா எறங்கலைங்கியளா?”

“எறங்கலைன்னு சொல்லலை மாப்பிளை. எறங்குனாருங்கறதுக்கு ஆதாரம் இல்லை.”

“ரெண்டும் ஒண்ணுதானே மச்சான்?”

ஒன்றல்ல. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வித்தியாசத்தை விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திடீரென்று கையை நீட்டினார். “அந்த நகலைக் குடுங்க. பிரசிடெண்ட்டைப் பாத்துட்டு வருவோம். நீங்களும் வாங்க.”

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. போனேன். பஞ்சாயத்து ஆபீஸில் பிரசிடெண்ட் நகலை இரண்டு தரம் படித்தார்.

“ஏ செல்லையா, இதுல ‘ஊர் மக்கள்’னுல்லா இருக்கு?”

“ஆமா. ஏன், எங்கப்பா ஊர் மக்கள்ல சேத்தி இல்லையா?”

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கேள்வியில் பிழை இருப்பதுபோலத்தான் இருந்தது. எங்கே என்றுதான் சொல்ல முடியவில்லை.

பிரசிடெண்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்பிடிப் பாத்தா... எங்கப்பாவும் ஊர் மக்கள்தான்லா?”

“அவரு எறங்குனாரா?”

“வீட்டுல ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாம எறங்கியிருப்பாரோ என்னவோ...”

கடைசியில் பெயரே வேண்டாம், நிழற்குடை பொதுவில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மனிதர் உடைந்துபோயிருப்பார் என்று பயந்தபடி செல்லையாவோடு வெளியே வந்தேன். அவரோ நிமிர்ந்து நடந்தார். ரோட்டில் கண்ணில் பட்டவருக்கெல்லாம் வணக்கம் வைத்தார்.

“பாத்தியளா மச்சான்? அப்பா எறங்கலைன்னு அவரும் சொல்லலை. ஊர்ல ஒருத்தரும் சொல்லலை. எந்தப் பேப்பர்லயும் வரலை.”

சரிதான். நானும் அத்தனை பேப்பரையும் பார்த்துவிட்டேன், அப்படி வரவில்லை.

ஆனால்... நான் இறங்கவில்லை என்றும் ஒரு பேப்பரிலும் வரவில்லையே!