ஸ்கின் கலர்

குமாரபாளையத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு தையல் யூனிட்டில் பதினோரு வருடமாக சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி கேட்பார்கள். அதைத் தைத்து அனுப்பி, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் தைத்து அனுப்புவது என் வேலை. தலையணை உறை, சமையலறைத் துண்டு, ஏப்ரன், இவைதான் எங்கள் சரக்கு. பொம்மை தைப்போம் என்று நானும் நினைத்ததில்லை, முதலாளியும் நினைத்ததில்லை.

கனடாவிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தார். திருச்செங்கோட்டில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி அங்கே போனவர். ஆறு வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தை பொம்மைகளை வைத்துக் குடும்பம் விளையாடுமாம். அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் ரோஸ் நிறப் பொம்மைகள். தனக்கு மட்டும் ஒரு பழுப்புக் கரடிக்குட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "இது நான்" என்று சொன்னதாம். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். இந்தியப் பொம்மை என்று கிடைத்த ஒன்றிரண்டும் மூக்குத்தி, நெற்றிச்சுட்டி, ஜரிகை எல்லாம் போட்டுக்கொண்டு இப்போதுதான் யானையை விட்டு இறங்கியவை மாதிரி இருந்தனவாம். அதனால் தானே துணிப் பொம்மை செய்து விற்கும் தொழிலைத் தொடங்கப் போவதாகச் சொன்னார்.

"நம்மூருப் புள்ளைக மாதிரியே இருக்கோணுங்க. நம்மூர்லயே தெச்சாத்தான் அது சரியா வரும்னு தோணுச்சு" என்றார்.

"அதுக்கென்னங்க, பண்ணிரலாம்" என்றார் முதலாளி. எதைக் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

அவர் சாயப்பட்டறைக்குப் போன் போட்டுச் சொன்னது ஒரே வரி: "பொம்மைக்கு உடம்பு தெக்கோணும். ஸ்கின் கலர்ல துணி வேணும்." நான்கு நாளில் துணி வந்துவிட்டது. வந்த துணியின் நிறத்தைத் தமிழ்நாட்டில் ஜவுளிக் கடைப் படி ஏறிய எல்லோருக்கும் தெரியும். ஸ்கின் கலர் லெக்கின்ஸ் கேட்டாலும், ஸ்கின் கலர் உள்பாவாடை கேட்டாலும், கடைக்காரர் யோசிக்காமல் அந்த வெளுத்த ரோஸைத்தான் எடுத்துப் போடுவார். அது யாருடைய ஸ்கின் என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்டதில்லை. நானும் வருடத்துக்கு இரண்டு லெக்கின்ஸ் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறேன். போட்டுப் பார்க்கும்போது கால் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தத் துணியில் ஒரு பொம்மை தைத்துக் காட்டினோம். கனடாக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க இது, வெள்ளக்காரப் புள்ளையாட்டம் இருக்குது?"

"ஸ்கின் கலர்தானுங்களே" என்றார் முதலாளி.

"எந்த ஸ்கின்னுங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கூரியரில் ஒரு அட்டை வந்தது. அதில் ஐந்து துண்டுத் துணிகள் ஒட்டி, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டிருந்தது. ஒன்று கோதுமை மாவு மாதிரி. ஐந்து புளியங்கொட்டை மாதிரி. நான்காம் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, 'என் மகள்' என்று தமிழில் எழுதியிருந்தார்.

எங்கள் சாயப்பட்டறை மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். எந்த நிறத்தைக் காட்டினாலும் கண்ணாலேயே பிரித்து, எந்தச் சாயம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மயில் கழுத்து நிறத்தில் ஏழு வகை காட்டியபோதும் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அவரிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். முழுத் துணிக்குச் சாயம் போடுவதற்கு முன்னால் கையகலத் துண்டில் போட்டுக் காட்டுவார்கள். லேப் டிப் என்போம். முதல் லேப் டிப் வந்தது. நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் அட்டையோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்தது இரண்டு. அதையும் அனுப்பினேன். மூன்றாவது முறை வந்ததும் மூன்றைத் தாண்டாமல் நின்றது. நீலத்தில் ஒரு மயிரிழை பிசகாத மனிதருக்குப் பழுப்பில் என்ன ஆயிற்று என்று கேட்க நானே பட்டறைக்குப் போனேன்.

"மாஸ்டர், நாலாம் நம்பர்னு எழுதியே குடுத்தனுங்களே?"

"தெரியுமுங்க, அம்மணி."

"அப்பறம் ஏனுங்க மூணத் தாண்ட மாட்டீங்கறீங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொழந்தைக வெச்சு வெளையாடறதுங்க. அதப் போயி இத்தன கருப்பாப் போட மனசு வரமாட்டீங்குதுங்க. கொஞ்சம் பளிச்சுனு இருந்தாத்தானுங்க லச்சணம்?"

"அவங்க புள்ளையே அந்தக் கலர்தானாமுங்க."

"அதேன் நானும் சொல்றனுங்க. புள்ளைதான் அப்படிப் பொறந்துருச்சு. பொம்மையாச்சும் வெள்ளையா இருக்கட்டுமே, பாவம்."

அவர் கேலி பேசவில்லை. உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் மூன்று முறையும் சாயத்தைக் குறைத்திருக்கிறார். இத்தனைக்கும் மாஸ்டர் ஐந்தாம் எண்ணையும் தாண்டியவர். அந்த அட்டையில் அவருக்கு இடமே இல்லை.

என்ன தோன்றியதோ, என் வளையலை மேலே தள்ளிவிட்டு, முன்கையை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நான்காம் துண்டுக்கும் என் கைக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. ஒட்டித் தைத்தது போல இருந்தது.

எனக்கு அதற்கு முன்னால் எண் எதுவும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் கறுப்பு என்று யாருமே கிடையாது. எல்லோரும் மாநிறம். கல்யாணத் தரகர் நோட்டில் நான் மாநிறம். பார்த்துவிட்டுப் போன மூன்று வீட்டிலும், "பொண்ணு மாநிறம்னீங்க?" என்று ஒரு கேள்விக்குறியோடு சொல்லி அனுப்பினார்கள். பதினைந்து வயதில் நிறம் வெளுக்கப் பூச ஆரம்பித்த முகப்பூச்சைப் பிள்ளை பெற்ற பிறகுதான் நிறுத்தினேன். அது பலிக்காது என்று தெரிந்துகொண்டு நிறுத்தவில்லை, நேரம் கிடைக்காமல் நின்றது. மாநிறம் என்பது என்ன நிறம் என்று கேட்டால் எந்தப் பட்டறையிலும் சாயக் கணக்குச் சொல்ல முடியாது.

"மாஸ்டர், அட்டைய உடுங்க. இந்தக் கையப் பாத்து அப்படியே போட்டுக் குடுங்க" என்றேன்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, நீங்க அத்தன இல்லீங்க, அம்மணி. நீங்க மாநிறமுங்க."

"அப்ப நாலாம் நம்பரும் மாநிறந்தானுங்க. மாநிறமே போடுங்க."

அவர் கொஞ்ச நேரம் என் கையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "மாநிறம்னா போடலாமுங்க" என்றார். நாலாவது லேப் டிப் நூல் பிசகாமல் வந்தது.

துணி யூனிட்டுக்கு வந்து வெட்டியதும் எனக்குத்தான் சங்கடம். மேசை நிறைய என் நிறத்தில் கைகள். இன்னொரு மேசையில் கால்கள். ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் மூத்த தையல்கார அக்கா ஒவ்வொரு காலிலும் பஞ்சை அடைத்துவிட்டு, "அம்மணி, இந்தா உங்க காலு. ஒன்னு குண்டாப் போச்சு" என்பார். சாப்பாட்டு நேரத்தில் அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் கையை நீட்டி எண் பார்த்தார்கள். என்னைத் தவிர பதினாறு பேரும் மூன்றாம் எண். அதில் நான்கைந்து பேர், "இது வெயில்ல அலஞ்ச கையிங்க, உள்ள ரெண்டுங்க" என்று சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார்கள். யூனிட்டில் நான்காம் எண் நான் ஒருத்திதான் என்று ஏகமனதாக முடிவானது.

பொம்மைக்கு ரெட்டை ஜடை, ரிப்பன், பாவாடை சட்டை என்று கனடாவிலிருந்து குறிப்பு வந்திருந்தது. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. வீடியோ காலில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தலையை உள்ளே நீட்டினார்.

"ஏனுங்க, இப்ப எந்தப் புள்ளைங்க பாவாட சட்ட போடுது? எங்க ஊட்டுல எம்மக நைட் பேண்ட்டக் கழட்டறதே இல்லீங்க."

 கனடாக்காரர், "நான் போட்டிருந்தனுங்க" என்றார்.  பாவாடை சட்டையே தைத்தோம். ஒவ்வொரு பொம்மையின் கழுத்திலும் ஒரு சின்ன அட்டை தொங்கியது. 'நான் உன்னைப் போலவே இருக்கிறேன். நீ அழகு' என்று அதில் இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை நான் தமிழில் சொன்னேன். "யாரப் போல?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுத்த கழுத்துக்கு நூல் கோத்தார்.

சரக்கு கப்பல் ஏறியது. போய்ச் சேர்ந்த பிறகு கனடாக்காரர் மகளின் போட்டோ அனுப்பினார். குழந்தை பொம்மையைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. பொம்மையின் பாவாடையைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய சாக்ஸைக் கத்தரித்து பேண்ட் மாட்டியிருந்தது.

எங்களிடம் சின்னச் சின்னக் குறைகளால் ஒதுக்கிய பொம்மைகள் ஒரு மூட்டை மிஞ்சின. முதலாளி அவற்றைச் சேலத்தில் தெரிந்த ஒரு பொம்மைக் கடைக்குக் கொண்டுபோனார், என்னையும் கூட்டிக்கொண்டு. கடைக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் விட்டிருந்த இடத்தை அவர் கவனிக்கவே இல்லை.

"வேலப்பாடு நல்லாத்தான் இருக்குது. அழுக்குப் புடிச்ச மாதிரி இருக்குதே சார். பிங்க்ல வராதா?"

முதலாளி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் திரும்பி வரும்போது மகுடஞ்சாவடி தாண்டியதும், "அந்த மொத ஸ்கின் கலர் துணி அப்படியே சும்மாதான கெடக்குது?" என்றார். அந்தத் துணியில், அதே அளவில், மஞ்சள் நூலில் முடி வைத்துப் பொம்மை தைத்தோம். சாம்பிள் தைத்தது நான்தான். கண்ணுக்கு நீல நூல் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னதும் நான்தான். கடைக்காரர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கழுத்தில் தொங்கிய அட்டை மட்டும் மாறவில்லை. மிச்சமிருந்ததையே மாட்டி அனுப்பிவிட்டோம்.

ஒதுக்கிய மூட்டையிலிருந்து ஒரு பொம்மையை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மகளுக்கு ஏழு வயது. அவளிடம் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் பொம்மை உண்டு. ரோஸ் முகம், இடுப்பு வரை பொன்னிற முடி, கீழே வைத்தால் நிற்காத கூர்மையான பாதம். சேலம் பொருட்காட்சியில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். துணிப் பொம்மையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆவலோடு முகத்தைப் பார்த்தேன்.

"உன்ன மாதிரியே இருக்குதல்ல, சாமி?"

அவள் பொம்மையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இல்லியே. உன்ன மாதிரி" என்றாள்.

சரிதான். அவள் அப்பா நிறம். மூன்றாம் எண்ணே அவளுக்கு அதிகம். பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு அடுத்தபடியாக அதைச் சொல்லித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

ஒரு வாரம் அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  துணிப் பொம்மைதான் வீடு கூட்டியது. அதுதான் சோறாக்கியது, துணி துவைத்தது, பிளாஸ்டிக் பொம்மைக்குத் தலை வாரிவிட்டது. பிளாஸ்டிக் பொம்மை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஏழு வயதுக்குள் இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்தேன். டிவியா, பள்ளிக்கூடமா, நானேதானா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனதுக்குள் நான்கு வாக்கியம் தயார் செய்துகொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லா நிறமும் அழகுதான் என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

"ஏன் சாமி, எல்லா வேலையும் இவளே செய்யறா? அவ ஒன்னுமே செய்ய மாட்டாளா?"

"அவளுக்கு ஒன்னும் வராதும்மா. கை மடங்காது. நிக்கக்கூட முடியாது, பாரு." நிறுத்திக் காட்டினாள். பிளாஸ்டிக் பொம்மை மல்லாந்து விழுந்தது.

"அதனால இவ வேலக்காரியா?"

"வேலக்காரி இல்லம்மா." என் புரியாமை அவளுக்குச் சலிப்பாக இருந்தது. "இவ அம்மா. காத்தால பஸ் ஏறி வேலைக்குப் போவா. அவளுக்கு அங்க பெரிய மேச இருக்குது. சாயங்காலம் வந்து சோறாக்குவா. இவதான் எல்லாம்."

"அப்ப அவ யாரு?"

பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவ சும்மா. பாவம்."

என் நான்கு வாக்கியத்தில் ஒன்றைக்கூடச் சொருக அதில் இடம் இல்லை. அந்த 'பாவம்' என்ற சொல்லை நான் இதற்கு முன்னால் சாயப்பட்டறையில் கேட்டிருக்கிறேன், அங்கே அது வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் விட மனமில்லாமல், "ஒரு நாளைக்கு இவ லீவு போட்டுட்டு ஊட்டுல இருக்கட்டுமே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"லீவு போட்டா ஓனர் திட்டுவாரும்மா" என்றாள்.

பிறகு துணிப் பொம்மையின் தோளில் தீப்பெட்டியால் செய்த கைப்பையை மாட்டினாள். பிளாஸ்டிக் பொம்மையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "நீ இவளப் பாத்துக்க. கீழ போட்டறாத, கழுத்து கழண்டுக்கும். நாங்க போயிட்டு வாரோம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வாசல் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டாள். பஸ் லேட் போலிருக்கிறது. நானும் அந்தப் பொன்னிற முடிக்காரியை விழாமல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.