படையலுக்கு வைத்த கஞ்சி

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மவுண்ட் வெல்லிங்டனில் துப்புரவு வேலை செய்த அன்னபாக்கியத்துக்குச் சீனக் கஞ்சியைப் பழக்கியவள் பக்கத்து யூனிட் மிஸிஸ் லோ. அவளும் தனிக்கட்டை. ஒரு பேணி அரிசிக்குப் பத்துப் பேணி தண்ணீர், இஞ்சி, கோழியெலும்பு. மூன்றாவது விசிலோடு குக்கரை நிறுத்திவிட வேண்டும். அன்னபாக்கியம் மறந்துபோனால் மிஸிஸ் லோ இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில் டொக் டொக்கென்று தட்டுவாள்.

1987 ஜூனில் மிஸிஸ் லோ இறந்துபோனாள். எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். இவளுக்கு யார் படைக்கப்போகிறார்கள் என்று அன்னபாக்கியமே குக்கரில் கஞ்சி வைத்தாள். நினைவு எங்கோ போய்விட, மூன்றாவது விசிலும் கடந்தது. நடுச்சுவரில் டொக் டொக்.

"ஓம், ஓம், நிப்பாட்டுறன்!" என்று வழக்கமான எரிச்சலோடு கத்தி அடுப்பை அணைத்தாள். பிறகுதான் உறைத்தது. பக்கத்து யூனிட் பூட்டிக் கிடந்தது. சாவியும் இவளிடம்தான் இருந்தது. என்றாலும் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கிக் குசினி மேசையில் மிஸிஸ் லோவுக்குப் படைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், "எல்லாம் வீண் பிரமை, ஒருக்காப் பாப்பம்" என்று மறுபடி கஞ்சி வைத்தாள். வேண்டுமென்றே நாலாவது விசிலையும் விட்டாள். சுவர் பேசாமல் இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

ஐந்தாவது விசில் ஊதியது. அவள் முதுகுக்குப் பின்னால், அன்று படையல் வைத்த குசினி மேசையில், டொக் டொக்.