படம் வராத பெட்டி

தங்கை மகன் நேற்று பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். கேம் ஆடவும் வேண்டும், படம் வரையவும் வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. எந்த மானிட்டர் வாங்கலாம் மாமா என்று கேட்டான். இன்ச், ஹெர்ட்ஸ் என்று அவன் அடுக்கியதில் பாதி எனக்குப் புரியவில்லை. "ரூம்ல கூட யாருடா இருக்காங்க?" என்றேன். "அதுக்கும் மானிட்டருக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று சிரித்தான். சம்பந்தம் இருக்கிறது. அவனிடம் சொன்னால் போனை வைத்துவிடுவான்; உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் அரூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைவாளர். ஓடைக்கும் தடுப்பணைக்கும் படம் போடும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி அறை எனக்கு. சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் குடித்த காபித் தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கவே பிடிக்காது. துபாயிலிருந்த சித்தப்பா மகன் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். பார்க்க வெறும் தட்டச்சுப் பலகை. திரையை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடையில் என் கைக்கு எட்டியவை இரண்டு. ஒன்று கறுப்பு வெள்ளை டிவி. மற்றது ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட, எல்லாமே பச்சையாகத் தெரியும் மானிட்டர். கையோடு கொண்டுபோயிருந்த கம்ப்யூட்டரைக் கடைக்காரரும் நானும் இரண்டிலும் மாட்டிப் பார்த்தோம். டிவியில் நான் போட்ட வட்டம் கோழிமுட்டையாக நடுங்கியது. மானிட்டரில் கோடு நூல் பிடித்தது போல நின்றது. சூடேறியதும் இரண்டும் தூசு கருகும் வாசனை அடித்தன.

"ஒண்டியாளா சார்?" என்றார் கடைக்காரர். "அப்ப டிவியே எடுத்துக்கோங்க. வூட்டுக்கு நாலு பேரு வருவாங்க."

வரைவாளனுக்குக் கோடுதானே முக்கியம்! பெரிய மேதாவி மாதிரி மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

போர்வை சுற்றிய பெட்டியோடு தெருவுக்குள் நுழைந்ததும் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் ஆரோக்கியசாமி அண்ணன் அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். எங்கள் வரிசையில் யாருக்கும் டிவி கிடையாது. நான் பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆன்டெனா கட்ட ஒரு மூங்கிலையே கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டார். இது டிவி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அறைக்கு அத்தனை பேர் வந்ததே இல்லை. சர்ச் கோபுரத்தைக் கோடு கோடாக வரைந்து காட்டினேன். பிறகு, கேசட்டிலிருந்து ஏற்றிய, ஒரு புள்ளி அங்கும் இங்கும் துள்ளும் பந்தாட்டம்.

"இதுல மனுசங்களே வர மாட்டாங்களாங்க?" என்று கேட்டார் அண்ணனின் மனைவி மேரி அக்கா.

"சும்மா இரு, சாரோட ஆபீஸ் வேல அது" என்று அண்ணன் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். மூங்கிலும் போய்விட்டது.

கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மரியாதை வந்துவிட்டது, அதுதான் வினை. அதுவரை தீப்பெட்டி கேட்டு வந்துகொண்டிருந்த பிள்ளைகளை, "சார் கம்ப்யூட்டர் பாக்கறாரு, சத்தம் போடாதீங்க" என்று அக்கா அதட்டி உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். பந்தாட்டமோ இரண்டு பேர் ஆட வேண்டியது. இடது கை ஓர் ஆள், வலது கை ஓர் ஆள் என்று நானே ஆடினேன். இடது கைக்காரன் தோற்றுக்கொண்டே இருந்தான். அவனுக்காக வருத்தப்பட்டும் இருக்கிறேன். அவ்வளவு தனியாக இருந்தேன்.

மாற்றலாகிப் போய்ப் பல வருஷம் கழித்து, அண்ணன் இறந்த சேதி கேட்டு, கடத்தூரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அழுது ஓய்ந்தபின் மேரி அக்கா சொன்னார்: "அந்தப் பந்த ஒருக்கா ஆடிப் பாக்கணும்னு அவருக்கு ஆசைங்க. லோடு இல்லாத நாள்ல நல்ல சட்டையா மாட்டிக்கிட்டு உங்க கதவு வரைக்கும் வருவாரு. சாருக்கு வேல இருக்கும்னு திரும்பிடுவாரு."

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். பந்தாட்டம் இருந்த கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போனது. உள்ளே நான் இரண்டு கையாலும் ஆடிக்கொண்டிருக்க, வெளியே ஓர் ஆள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.